மாதவிலக்கு வலி வந்தால் படுக்கணுமா, நடக்கணுமா?



உங்கள் குழுவின் வருகைப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வராதவர் பெயருக்கு நேராக "உடம்பு சரியில்லை" என்று எழுதியிருக்கும். என்ன உடம்பு என்று யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. ஆனால் கேட்காமலே பலருக்கும் காரணம் தெரிந்திருக்கும். "வீட்டுக்குத் தூரமுங்க" என்று காதோடு காதாகச் சொல்லி முடித்துவிடுவோம்.

1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு, 1991-92-ல் அன்றைய சேலம் மாவட்டத்துக்கு வந்தது. நாமக்கல் அப்போது சேலத்தோடுதான் இருந்தது. அன்றிலிருந்து சேமிப்பு, உள்கடன், வட்டிக் கணக்கு, வங்கி நடைமுறை என்று எத்தனையோ கற்றுக்கொண்டோம். மாதாமாதம் நம்மைப் படுத்தும் இந்த வலியைப் பற்றி மட்டும் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இப்படி இருக்கும்:

உறுப்பினர்: "ஏனுங்க்கா, எனக்கு முதல் நாளு எந்திரிக்கவே முடியறதில்லீங்க. எங்க மாமியா 'குனிஞ்சு நிமிந்து வேலை செஞ்சா வலி தானா ஓடிப்போயிரும்'ங்கறாங்க. எங்கம்மா 'மூணு நாளும் அசையாம படு'ங்குது. நான் யாரு பேச்சைக் கேக்கறதுங்க?"

ஊக்குநர்: "ரெண்டு பேரு சொல்றதுலயும் பாதி பாதி உண்மை இருக்குது கண்ணு. எந்தப் பாதின்னு பிரிச்சுப் பாத்துக்கலாம் வா."

நாமும் பிரித்துப் பார்ப்போம்.

வலி ஏன் வருகிறது?

ஒவ்வொரு மாதமும் கர்ப்பப்பையின் உள்பக்கம் மெத்தை போல ஒரு தோல் வளர்கிறது. கரு தங்கவில்லை என்றால் அது கழன்று இரத்தத்தோடு வெளியே வருகிறது. அப்போது அந்தத் தோலில் புரோஸ்டகிளாண்டின் என்ற ஒரு பொருள் சுரக்கிறது. கர்ப்பப்பை ஒரு தசைப் பை. இந்தப் பொருள் அந்தத் தசையை இறுக்கிப் பிழிகிறது. பிழியும்போது தசைக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைகிறது. விரலில் நூலை இறுக்கிச் சுற்றினால் விரல் வலிக்கிறது அல்லவா, கிட்டத்தட்ட அப்படித்தான்.

இந்தப் பொருள் அதிகம் சுரப்பவருக்கு வலியும் அதிகம். அதே பொருள்தான் சிலருக்கு வாந்தி, பேதி, தலைவலியையும் கொண்டுவருகிறது. ஆகவே "பக்கத்து வீட்டுப் புள்ள ஓடியாடுது, இவளுக்கு மட்டும் என்ன நடிப்பு" என்று யாரையும் சொல்லக்கூடாது. இருவர் உடம்பிலும் சுரக்கும் அளவு வேறு.

இந்தச் சாதாரண வலி, வயதுக்கு வந்து ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத் தொடங்கும். இரத்தப்போக்கு தொடங்கும்போதோ அதற்குச் சற்று முன்போ ஆரம்பித்து, சில மணி நேரம் முதல் இரண்டு மூன்று நாள் வரை இருக்கும். அடிவயிறு, இடுப்பு, தொடை வரை இழுக்கும். வயது கூடக்கூட, குழந்தை பிறந்த பிறகு, பலருக்கு இது குறையும்.

ஓய்வு எடுப்பது தவறா?

தவறே இல்லை. வலி கடுமையாக இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில், முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்தால் வயிற்றுத் தசை தளர்ந்து கொஞ்சம் சுகம் கிடைக்கும். தலைசுற்றல், வாந்தி, அதிக இரத்தப்போக்கு இருக்கும் நாளில் கண்டிப்பாகப் படுக்க வேண்டும்.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊர்களில் ஓய்வு என்ற பெயரில் நடப்பது பல வீடுகளில் ஓய்வு இல்லை, ஒதுக்கி வைப்பது. அடுப்படிக்குள் வரக்கூடாது, தனித் தட்டு, தனிப் பாய், திண்ணையில் படுக்கை. அதே பெண் மறுநாள் காலையில் குச்சிக்கிழங்கு உரிக்கவும் காட்டில் களை வெட்டவும் போய்த்தான் ஆகவேண்டும். சமையல் கட்டில் தீட்டு, கூலி வேலையில் மட்டும் தீட்டு இல்லையா? ஓய்வு என்றால் உடம்புக்கு இடம், சூடான சாப்பாடு, வேலையில் குறைப்பு. திண்ணையில் உட்கார வைப்பதற்கு அந்தப் பெயர் கொடுக்க வேண்டாம்.

மூன்று நாளும் அசையாமல் கிடப்பதால் வலி சீக்கிரம் போகும் என்பதும் சரியல்ல. படுத்தே கிடந்தால் இடுப்பும் முதுகும் பிடித்துக்கொள்ளும்.

உடற்பயிற்சி உதவுமா?

உதவுகிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு, 2019-ல் இதைப் பற்றிய 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் கலந்துகொண்ட பெண்கள் 854 பேர். வாரத்தில் மூன்று நாளாவது, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் பயிற்சி செய்தவர்களுக்கு, வலி கணிசமாகக் குறைந்தது. வலிக்கு 100 மார்க் என்று வைத்தால் சுமார் 25 மார்க் குறைந்தது. வேகமான பயிற்சி, மெதுவான யோகாசனம் இரண்டுமே பலன் தந்தன. ஆய்வுகள் சிறியவை, ஆதாரம் இன்னும் உறுதிப்பட வேண்டும் என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் செலவில்லாத, கெடுதல் இல்லாத வழி என்பதால் செய்து பார்ப்பதில் நட்டமில்லை.

இதில் முக்கியமான பாடம்: இது வலி வந்த அன்று மட்டும் செய்கிற வைத்தியம் இல்லை. மாதம் முழுவதும் செய்துவந்தால் அடுத்தடுத்த மாதங்களில் பலன் தெரியும். குறைந்தது இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்து பாருங்கள். வலி வரும் நாளில் முடிந்த அளவு மட்டும் செய்யலாம், முடியாவிட்டால் விட்டுவிடலாம்.

உறுப்பினர்: "நாங்க நாள் பூரா தறியில நிக்கறமுங்க. அதைவிடவா உடற்பயிற்சி?"

நியாயமான கேள்வி. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, இளம்பிள்ளை பக்கம் விசைத்தறியில் ஷிப்டு முழுக்க நிற்கிறோம். சேலத்தில் கொலுசுக்குப் பத்த வைக்க மணிக்கணக்கில் குனிந்து உட்காருகிறோம். ஆத்தூர், ராசிபுரம் பக்கம் சேகோ ஆலையில் கிழங்கு மூட்டையோடு மல்லுக்கட்டுகிறோம். நாமக்கல் கோழிப் பண்ணையில் முட்டை அட்டை தூக்குகிறோம். இவை எல்லாம் உழைப்பு. ஆனால் ஒரே நிலையில் நிற்பதும், குனிந்தே இருப்பதும், பாரம் தூக்குவதும் உடம்பை அலுக்க வைக்கும். உடற்பயிற்சியில் நம் விருப்பப்படி, நம் வேகத்தில், எல்லா மூட்டையும் அசைக்கிறோம், தசையை நீட்டித் தளர்த்துகிறோம், வேண்டும்போது நிறுத்துகிறோம். மாமியார் சொன்ன "குனிஞ்சு நிமிந்து" என்பதில் உண்மையான பாதி இதுதான். வலியோடு மூட்டை தூக்கச் சொல்வது பொய்யான பாதி.

வீட்டிலேயே செய்யும் நான்கு பயிற்சிகள்

1. நடை: அலட்டிக்கொள்ளாமல் கைவீசி நடக்க வேண்டும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். 15 நிமிடத்தில் தொடங்கி வாரம் வாரம் கூட்டுங்கள். குழுவில் நாலு பேர் சேர்ந்து விடியற்காலையில் நடந்தால் பேச்சுத் துணையும் ஆச்சு.

2. முழங்கால் கட்டுதல்: மல்லாந்து படுத்து, இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சுப் பக்கம் கொண்டுவந்து கைகளால் கட்டிக்கொள்ளுங்கள். பத்து மூச்சு. பிறகு மெதுவாக விடுங்கள். மூன்று முறை.

3. பூனை முதுகு: கையும் முழங்காலும் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். மூச்சை விடும்போது முதுகை மேலே வளையுங்கள். மூச்சை இழுக்கும்போது முதுகைக் கீழே தாழ்த்தித் தலையை நிமிர்த்துங்கள். பத்து முறை.

4. குப்புற ஒடுங்குதல்: முட்டி போட்டு, குதிகாலின் மேல் உட்கார்ந்து, முன்னால் குனிந்து நெற்றியைத் தரையில் வையுங்கள். கை முன்னால் நீண்டிருக்கட்டும். ஒரு நிமிடம் மெதுவாக மூச்சு விடுங்கள். மூட்டு வலி உள்ளவர்கள் இதை விட்டுவிடுங்கள்.

நடப்பதாலும் இந்தப் பயிற்சிகளாலும் கர்ப்பப்பை இறங்கிவிடாது, இரத்தம் உள்ளே கட்டிக்கொள்ளாது. அது பயம் மட்டுமே. செய்யும்போது வலி கூடினாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட வேண்டும்.

ஒத்தடத்தை மறக்காதீர்கள்

நம் பாட்டிமார் கொடுத்த சூட்டு ஒத்தடத்தை மருத்துவ ஆய்வும் ஒத்துக்கொள்கிறது. சூடு தசையைத் தளர்த்தி இரத்த ஓட்டத்தைக் கூட்டும். சுடுதண்ணிப் பை, அல்லது வறுத்த உப்பை மூட்டை கட்டி அடிவயிற்றில் வைக்கலாம். முதலில் புறங்கையில் வைத்துச் சூடு பாருங்கள். துணி போட்டு அதன் மேல் வையுங்கள். கொதிக்கக் கொதிக்க வைத்துத் தோலைப் பொசுக்கிக்கொள்ளக்கூடாது.

மாத்திரை: பெயர் தெரியாமல் விழுங்காதீர்கள்

வலி தாங்க முடியாதபோது மாத்திரை எடுப்பதில் குற்றம் இல்லை. இபுபுரோஃபென், மெஃபனமிக் ஆசிட் போன்றவை புரோஸ்டகிளாண்டின் சுரப்பதையே குறைப்பதால் நன்றாக வேலை செய்யும். வலி முற்றுவதற்கு முன், தொடங்கும்போதே எடுத்தால் பலன் அதிகம். ஆனால் டாக்டர் சொன்ன அளவில், சாப்பிட்ட பிறகு எடுக்க வேண்டும். குடல்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பம் என்று சந்தேகம் உள்ளவர்கள் கேட்காமல் எடுக்கவே கூடாது. மெஃபனமிக் ஆசிட் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை உண்டாக்கலாம் என்று 2023-ல் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தது. மாத்திரை சாப்பிட்ட சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு தோலில் தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகவும்.

நம் பெண்பிள்ளைகள் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறார்கள். அவர்களுக்காக ஒரு செய்தி. 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள், தமிழ்நாட்டின் ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். மாதவிலக்கு வலி என்று சொன்னால் வேலை நேரத்தில் பெயர் எழுதாத மாத்திரை கொடுத்தார்கள் என்று எல்லாருமே சொன்னார்கள். என்ன மருந்து, என்ன பக்கவிளைவு என்று சொல்லவில்லை. மெஷின் நிற்கக்கூடாது என்பதற்காகக் கொடுத்த மாத்திரை அது. உடம்பு கெட்டுப்போனது என்று பாதிப் பேருக்கு மேல் சொன்னார்கள். விடுப்பு எடுத்தால் கூலி போகும் என்ற பயத்தில் வாங்கி விழுங்கியவர்கள் அவர்கள்.

ஆகவே உங்கள் மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்: "மாத்திரை பேரு என்னன்னு கேளு. அட்டையைப் பாத்து வாங்கு. உதிரி மாத்திரையை வாயில போடாதே."

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் "பொம்பளைக்கு இது இருக்கறதுதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

* வருடத்துக்கு வருடம் வலி கூடிக்கொண்டே போவது
* இத்தனை நாள் வலியே இல்லாமல், 25, 30 வயதுக்கு மேல் புதிதாக வலி தொடங்குவது
* மாதவிலக்கு இல்லாத நாளிலும், உடலுறவின்போதும், மலம் கழிக்கும்போதும் வலிப்பது
* ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைவது, கட்டி கட்டியாகப் போவது, ஏழு நாளுக்கு மேல் நிற்காமல் போவது
* காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல்
* நாள் தள்ளிப்போய், பிறகு திடீரென்று ஒரு பக்கம் கடும் வலி, மயக்கம். கருக்குழாயில் கரு தங்கி வெடிப்பதாக இருக்கலாம். உடனே 108-ஐ அழைக்கவும்.

எண்டோமெட்ரியோசிஸ், கர்ப்பப்பைக் கட்டி, கிருமித்தொற்று போன்ற நோய்கள் இப்படித்தான் தலைகாட்டும். எண்டோமெட்ரியோசிஸ் மட்டும் பத்தில் ஒரு பெண்ணுக்கு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவற்றுக்கு உடற்பயிற்சி மட்டும் போதாது. முதலில் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். ஸ்கேன், பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் சேலம், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. சந்தேகம் கேட்க 104 எண்.

போகும்போது கையில் ஒரு கணக்கு இருக்கட்டும். வீட்டுத் தினசரி காலண்டரிலேயே தூரமான நாள், வலித்த நாள், எத்தனை நாப்கின் என்று குறித்து வையுங்கள். உள்கடன் கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியமா?

இரத்தசோகையும் சோதித்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. மேல்மூச்சு வாங்கி, படியேறக் களைப்பவரிடம் "நட, ஓடு" என்று சொல்வதற்கு முன் இரத்தம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள்ளுருண்டை, கூடவே நெல்லிக்காய் சாப்பிடலாம். செவிலியர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் எடுக்கவும்.

"பையை எடுத்துட்டா தொல்லை விட்டுது"

இந்தப் பேச்சு நம் ஊர்களிலும் கேட்கிறது. அவசரப்படாதீர்கள். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்துக் கதையைக் கேளுங்கள். அங்கே கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் ஒப்பந்தக்காரர் அபராதம் பிடிப்பார். மாதவிலக்கு இருந்தால்தானே விடுப்பு என்று இளவயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள் பலர். 2019-ல் அரசு கணக்கெடுத்தபோது, விசாரித்த சுமார் 82,000 பெண்களில் 13,800 பேருக்கு மேல் கர்ப்பப்பை எடுத்தவர்கள் என்று தெரிந்தது. அறுவைக்கு வாங்கிய கடன் ஒரு பக்கம், சீக்கிரமே வந்த இடுப்பு வலி, எலும்புத் தேய்மானம் இன்னொரு பக்கம்.

புற்றுநோய், அடங்காத இரத்தப்போக்கு போன்ற காரணங்களுக்கு அறுவை தேவைப்படலாம். வலிக்காக மட்டும் என்றால், வேறு வழி எல்லாம் பார்த்தாச்சா என்று கேளுங்கள். இரண்டாவது டாக்டரிடமும், முடிந்தால் அரசு மருத்துவமனையில், கருத்துக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கர்ப்பப்பை எடுக்கக் குழுவில் கடன் கேட்டு வரும் உறுப்பினரிடம் இதைக் கேட்பது தலையிடுவது ஆகாது. அது நம் கடமை.

ஓய்வுக்குக் கூலி யார் கொடுப்பது?

படுப்பதா நடப்பதா என்று உடம்பு முடிவு செய்வதற்கு முன் கூலி முடிவு செய்துவிடுகிறது. இதுதான் நிஜம். தறிக்கு முன்பணம் வாங்கியவருக்கு லீவு கேட்க வாய் வராது. பீஸ் கணக்கில் வேலை செய்பவருக்குப் படுத்த நாளில் கூலி இல்லை.

இதைச் சட்டத்தில் யோசித்தவர்கள் உண்டு. ஜப்பானில் 1947-லேயே மாதவிலக்கு விடுப்பைச் சட்டத்தில் எழுதினார்கள். பீகார் அரசு 1992-ல் தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் சிறப்பு விடுப்பு கொடுத்தது. பக்கத்துக் கர்நாடகத்தில் 2025-ல் மாதம் ஒரு நாள் ஊதியத்தோடு விடுப்பு என்று அரசு முடிவு செய்தது. தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஜவுளிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று ஆக்கினார்கள். சேலத்தில் கடை வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் ஸ்டூல் கேட்பதற்குச் சட்டமே துணை நிற்கிறது.

சட்டம் நம் தறிப்பட்டறைக்கு வந்து சேரும்வரை குழு செய்யக்கூடியவை:

1. ஒரே பட்டறை, ஒரே பண்ணையில் வேலை செய்யும் உறுப்பினர்கள் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. ஒருத்திக்கு வலிக்கும் நாளில் பாரமான வேலையை இன்னொருத்தி பார்ப்பது, அவளுக்கு வரும்போது இவள் பார்ப்பது.
2. உட்கார ஸ்டூல், சுத்தமான கழிப்பறை, வெந்நீர் கேட்டு முதலாளியிடம் தனித்தனியாகப் போகாமல் குழுவாகப் போவது.
3. மருத்துவக் கடனுக்கு வெட்கப்படாமல் காரணம் சொல்ல இடம் கொடுப்பது. கேட்டது குழுவுக்குள் இருக்க வேண்டும்.
4. மாதம் ஒரு கூட்டத்துக்குக் கிராம சுகாதார செவிலியரை அழைப்பது. வளரிளம் பெண்பிள்ளைகளையும் உட்கார வைப்பது.

கடைசியாக, அந்த உறுப்பினருக்கு ஊக்குநர் சொன்ன பதில்:

"கடுமையா வலிக்கற நேரத்துல ஒத்தடம் போட்டுப் படுத்துக்கோ கண்ணு. வலி இறங்கினதும் வாசல்ல நாலு நடை நட. மத்த நாள்ல நெதம் கைவீசி நட. அதுக்கும் அடங்கலைன்னா ஆசுபத்திரிக்குப் போலாம், நானும் கூட வர்றேன். அடுத்த கூட்டத்துக்கு வரமுடியாமப் போனா 'உடம்பு சரியில்லை'ன்னு சொல்லாதே. என்னன்னு சொல்லு."

கூட்டத்தில் கலந்து பேச:

* நம் குழுவில் மாதவிலக்கு வலியால் கூலி இழப்பவர்கள் எத்தனை பேர்? மாதம் எத்தனை நாள்?
* பெயர் தெரியாத மாத்திரையை யாராவது வாங்கிச் சாப்பிட்டிருக்கிறோமா?
* ஆபத்து அறிகுறி யாருக்காவது இருக்கிறதா? அவரோடு ஆஸ்பத்திரிக்கு யார் துணை போவது?
* சேர்ந்து நடக்க எந்த நேரம், எந்த இடம் வசதி?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். அடுத்த மாதம் அதை எடுத்துப் படித்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பாருங்கள்.